குட்டி விமானமும் ஸ்பானர் பெட்டியும்

உங்கள் வீட்டு மாடித் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? மாடிக்கு ஏறிப் பார்ப்பீர்கள். மிதவை சிக்கிக்கொண்டதா, குழாய் அடைத்துக்கொண்டதா என்று ஆராய்வீர்கள். உங்களால் முடியாவிட்டால் தெருக்கோடியில் இருக்கும் பிளம்பரைக் கூப்பிடுவீர்கள். அவர் காலையில் வருவதாகச் சொல்லி மாலையில் வந்தால் முணுமுணுப்பீர்கள்.

அதே தொட்டி வீட்டிலிருந்து 80 கிலோமீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இடையில் தார்ச்சாலை கிடையாது. மணலும் கல்லும் முட்புதரும்தான். வெயில் 42 டிகிரி செல்சியஸ். அந்தத் தொட்டியை நம்பி 500 மாடுகள் நிற்கின்றன. இத்தகைய வெயிலில் ஒரு மாடு நாளொன்றுக்கு 50 லிட்டருக்கும் மேல் குடிக்கும். அப்படியானால் அந்த மந்தைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். 25,000 லிட்டர்! தொட்டி வற்றி ஓரிரு நாள்கள் கழித்துத்தான் உங்களுக்குத் தெரிகிறது என்றால், நீங்கள் போய்ச் சேரும்போது காப்பாற்ற மாடு இருக்காது.

இது கற்பனைக் கணக்கு அல்ல. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறள்நிலங்களில் மாடு வளர்ப்பவர்களின் அன்றாடக் கவலை இதுதான். அங்கே மாட்டுப் பண்ணையை ‘ஸ்டேஷன்’ என்று சொல்கிறார்கள். நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் ரயிலும் போலீசும்தான் நினைவுக்கு வரும்! ஆனால் அவர்களுடைய ஸ்டேஷன் ஒன்றின் பரப்பைக் கேட்டால் மலைத்துப்போவீர்கள். தெற்கு ஆஸ்திரேலியாவில் உள்ள அன்னா கிரீக் என்ற பண்ணை சுமார் 23,700 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது என்று சொல்லப்படுவது வழக்கம். இஸ்ரேல் நாடே அதைவிடச் சிறியது. எல்லாப் பண்ணைகளும் அவ்வளவு பெரியவை அல்ல; என்றாலும் சில ஆயிரம் சதுர கிலோமீட்டர் என்பது அங்கே சாதாரணம்.

இத்தனை பெரிய நிலத்தில் வற்றாத ஆறு குளம் அரிது. தண்ணீர் பூமிக்கு அடியில் இருக்கிறது. அந்நாட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், சுமார் 17 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு, ‘பெரும் ஆர்ட்டீசியன் படுகை’ என்னும் நிலத்தடி நீர்த்தேக்கம் பரவியிருக்கிறது. ஆழ்துளைக் கிணறுகள் தோண்டி அந்த நீரை மேலே கொண்டுவருகிறார்கள். சில இடங்களில் அது தானாகவே பொங்கி வரும். மற்ற இடங்களில் காற்றாலையோ சூரிய மின்பம்போ இறைக்கும். ஒரு பண்ணையில் இப்படிப்பட்ட கிணறுகள் ஒன்றுக்கொன்று 15, 20 கிலோமீட்டர் இடைவெளியில் சிதறிக் கிடக்கும். எல்லாவற்றையும் ஜீப்பில் சுற்றிப் பார்த்து வர முழு நாள் ஆகும். மழை பெய்து சேறானால் அதுவும் முடியாது. ஆகவேதான் பல பண்ணைகளில் கொட்டகையில் டிராக்டருக்குப் பக்கத்தில் ஒரு குட்டி விமானமும் நிற்கிறது.

குட்டி விமானம் என்றால் நான்கு பேர் அமரக்கூடிய செஸ்னா 172 போன்ற விமானம். தலைக்கு மேலே இறக்கை இருப்பதால் கீழே தரை நன்றாகத் தெரியும். நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின், 160 குதிரைத் திறன். மணிக்கு சுமார் 200 கிலோமீட்டர் வேகம். இதில் ஏறினால் பத்துக் கிணறுகளையும் இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். பறப்பவர் பண்ணையின் சொந்தக்காரராகவோ வேலையாளாகவோ இருப்பார். அவருடைய இருக்கைக்குப் பின்னால் ஸ்பானர் பெட்டி, தோல் வாஷர்கள், கம்பி, குடிநீர்க் கேன் எல்லாம் இருக்கும். அவர்தான் விமானி, அவர்தான் பிளம்பர், பாதி மெக்கானிக்கும் அவரே.

பாதி என்று ஏன் சொன்னேன்? அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் விடியற்காலையில் அவரோடு கொட்டகைக்குப் போவோம். இனிமேல் அந்த விமானி நீங்கள்தான்!

நீலப் பெட்ரோலும் நிறமற்ற தண்ணீரும்

விமானத்தை எடுப்பதற்கு முன் இறக்கையின் அடியில் உள்ள சிறு வடிகால் வழியாக ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் கோப்பையில் பிடித்துப் பார்க்க வேண்டும். எதற்காக? பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கலாம். தண்ணீர் பெட்ரோலைவிட அடர்த்தி மிகுந்தது. ஆகவே தொட்டியின் அடியில் தங்கும். என்ஜினுக்குப் போகும் குழாயும் அடியிலிருந்துதான் போகிறது. தண்ணீர் எரியாது என்பது உங்களுக்குத் தெரியும்.

பெட்ரோலில் தண்ணீர் எப்படி வரும்? பண்ணையில் பெட்ரோல் பங்க் கிடையாது. 200 லிட்டர் பீப்பாய்களில் வாங்கி வைத்திருப்பார்கள். பீப்பாயை நிமிர்த்தி வைத்தால் அதன் தலையில் மழைநீர் தேங்கும். பகல் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து மூடியின் இடுக்கு வழியாக வெளியேறும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது வெளியிலிருந்து உறிஞ்சும். உறிஞ்சுவது காற்றையல்ல, மூடியின்மேல் நிற்கும் தண்ணீரை! வாயுக்கள் வெப்பத்தால் விரிவதைப் பற்றி வகுப்பில் படித்திருப்பீர்களே, அதே விதிதான். இதைத் தடுக்கப் பீப்பாயைப் படுக்கவைத்து, இரண்டு மூடிகளும் பெட்ரோல் மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி உருட்டி வைக்கிறார்கள். எளிய தந்திரம், செலவு ஒன்றுமில்லை.

கோப்பைச் சோதனையில் ஒரு சூழ்ச்சி உண்டு. பெட்ரோலும் தண்ணீரும் கலந்திருந்தால் நடுவே கோடு தெரியும். கோடு தெரியவில்லை, அப்படியானால் தண்ணீர் இல்லை என்று முடிவு செய்யலாமா? கூடாது. கோப்பை முழுவதும் தண்ணீராகவே இருந்தாலும் கோடு தெரியாதல்லவா? இந்தப் பொறியில் விழாமல் இருக்கத்தான் விமான பெட்ரோலுக்கு நிறம் ஊட்டுகிறார்கள். இவ்வகை என்ஜின்களில் மிகுதியாகப் பயன்படும் பெட்ரோலின் நிறம் நீலம். கோப்பையை வெள்ளை இறக்கையின் முன் பிடித்துப் பாருங்கள். நீலமாக இருக்கிறதா? முகர்ந்தும் பாருங்கள். அப்போதும் ஐயமிருந்தால் ஒரு துளியைக் காகிதத்தில் விடுங்கள். பெட்ரோல் உடனே ஆவியாகிவிடும். தண்ணீர் ஈரமாக நிற்கும்.

குளவி கட்டிய வீடு

நம் வீட்டு ஜன்னல் மூலையில் குளவி மண்கூடு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை கிடைத்தால் போதும், அதற்குக் கொண்டாட்டம். விமானத்தின் இறக்கையில் அப்படி ஓர் ஓட்டை உண்டு. அதன் பெயர் பிட்டோ குழாய். 1732-ல் ஆன்றி பிட்டோ என்ற பிரெஞ்சுக்காரர் ஆற்று நீரின் வேகத்தை அளக்க உருவாக்கிய கருவி அது. எதிரே வரும் காற்று அந்தக் குழாய்க்குள் மோதி அழுத்தத்தை உண்டாக்கும். பக்கவாட்டில் உள்ள மற்றொரு துளை சாதாரணக் காற்றழுத்தத்தை எடுக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வேகமானி வேகமாகக் காட்டுகிறது.

குளவி அந்தக் குழாயை மண்ணால் அடைத்துவிட்டால்? முள் அசையாமல் நின்றால் கவலை குறைவு. ஓடுபாதையிலேயே தெரிந்துவிடும், நிறுத்திவிடலாம். ஆனால் பறக்கத் தொடங்கியபின் குழாயின் வாயும் அதன் வடிகால் துளையும் சேர்ந்து அடைபட்டால் ஒரு விபரீதம் நேரும். உள்ளே சிறைப்பட்ட காற்றின் அழுத்தம் மாறாமல் இருக்கும். விமானம் மேலே ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். எனவே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கூடும். வேகமானியோ அதை ‘வேகம் கூடுகிறது’ என்று காட்டும்! அதை நம்பி விமானி மூக்கை இன்னும் தூக்கி வேகத்தைக் குறைப்பார். உண்மையில் வேகம் ஏற்கெனவே குறைந்திருக்கும். இறக்கை தாங்க வேண்டிய வேகம் இல்லாமல் விமானம் சரியும். மண்ணுருண்டை ஒன்று செய்கிற வேலையைப் பாருங்கள்.

ஆகவே தரையில் நிற்கும்போது அந்தக் குழாய்க்குச் சிவப்பு நாடா கட்டிய உறை ஒன்றை மாட்டிவிடுவார்கள். உறை மாட்டினால் போதாது, கழற்றவும் நினைவிருக்க வேண்டும். 2018 ஜூலையில் பிரிஸ்பேன் விமான நிலையத்திலிருந்து ஒரு பெரிய பயணிகள் விமானம் குழாய் உறைகளைக் கழற்றாமலே கிளம்பிவிட்டது. வேகம் தெரியாமல் பறந்து, நல்லவேளையாகப் பத்திரமாகத் திரும்பி இறங்கியது. குளவிக்காகப் போட்ட உறைதான் அது!

‘அணை’ என்றால் அணையாத சுவிட்சு

கார் என்ஜினில் பெட்ரோலைப் பற்றவைக்கும் மின்பொறி பேட்டரியிலிருந்து வருகிறது. இந்தக் குட்டி விமானத்தில் பேட்டரி முழுவதும் செத்துப்போனாலும் என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். காரணம் மாக்னெட்டோ என்னும் கருவி. கம்பிச் சுருளுக்கு அருகே காந்தம் சுழன்றால் மின்சாரம் பிறக்கும் என்று 1831-ல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. என்ஜின் காந்தத்தைச் சுழற்றுகிறது; காந்தம் என்ஜினுக்குப் பொறி தருகிறது. இவ்வகை விமான என்ஜினுக்குப் பொதுவாக இரண்டு மாக்னெட்டோ. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். ஒன்று போனாலும் மற்றொன்று காப்பாற்றும்.

இதில் உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன். நாம் வீட்டில் விளக்கை அணைக்கும்போது மின்சுற்றைத் துண்டிக்கிறோம். மாக்னெட்டோவை எப்படி அணைப்பது? அதன் மின்சாரம் வெளியிலிருந்து வரவில்லையே, துண்டிக்க என்ன இருக்கிறது? அதனால் தலைகீழாகச் செய்கிறார்கள். சுவிட்சைப் போட்டு மாக்னெட்டோவின் மின்சாரத்தை ஒரு கம்பி வழியாக என்ஜின் உடலுக்கே வழிந்தோட விடுகிறார்கள். பிளக்குக்குப் பொறி கிடைக்காது. அந்தக் கம்பி அறுந்துவிட்டால்? சுவிட்சு ‘அணை’ என்ற இடத்தில் இருக்கும். மாக்னெட்டோவோ உயிரோடு இருக்கும்! யாராவது முன்னால் நின்று விசிறியைக் கையால் சற்றுத் திருப்பினால் போதும், என்ஜின் ஓர் உதை உதைக்கும். விசிறியின் அலகு மனிதரை வெட்டுவதற்கு அந்த ஓர் உதை போதும். ஆகவே சாவி கையில் இருந்தாலும் பேட்டரியைக் கழற்றியிருந்தாலும் விசிறியின் சுழல் வட்டத்துக்குள் நிற்காதீர்கள். வறள்நிலத்தில் மட்டுமல்ல, எங்கேயும்.

புறப்படுமுன் விமானி என்ஜினை நிமிடத்துக்கு 1,700 சுற்றுவரை முடுக்கி, ஒரு மாக்னெட்டோவை மட்டும் அணைத்துப் பார்ப்பார். சுற்று நூறு போலக் குறையும். அது நல்ல அறிகுறி. குறையவே இல்லை என்றால் ‘ஆகா, என்ன அருமையான என்ஜின்!’ என்று மகிழ்வீர்களா? மகிழக் கூடாது. நீங்கள் அணைத்த மாக்னெட்டோ அணையவில்லை என்று பொருள். எனக்கு இந்தச் சோதனை மிகவும் பிடிக்கும். சரியாக இருப்பதுபோல் தெரிவதையும் சந்தேகிக்கச் சொல்கிறதே!

மாறாக, சுற்று அளவுக்கு மேல் குறைந்து என்ஜின் திக்கித் திணறினால் பெரும்பாலும் ஸ்பார்க் பிளக் ஒன்றில் அழுக்கு. விமான பெட்ரோலில் இன்றும் ஈயச் சேர்மம் கலக்கப்படுகிறது. அந்த ஈயம் பிளக்கின் வாயில் சிறு உருண்டைகளாகப் படியும். கலவையில் பெட்ரோலைக் குறைத்துச் சிறிது நேரம் வேகமாக ஓட்டினால் அது எரிந்து விலகலாம். விலகாவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடைத்து, இடைவெளியை அளந்து, மீண்டும் மாட்ட வேண்டும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதற்கும் அளவு உண்டு. அதைக் காட்டும் ஸ்பானர் வேண்டும். பிளக் கைதவறித் தரையில் விழுந்துவிட்டதா? பார்ப்பதற்கு முழுசாகத்தான் இருக்கும். ஆனால் உள்ளே பீங்கான் விரிசல் கண்டிருக்கலாம். குப்பையில் போட்டுவிட்டுப் புதியதை எடுங்கள்.

வெயில் திருடும் காற்று

எல்லாம் சரி, கிளம்பலாம். அங்கே விமானிகள் ஏன் விடியற்காலையில் பறக்க விரும்புகிறார்கள், தெரியுமா? இறக்கை விமானத்தைத் தாங்குவது காற்றைக் கீழ்நோக்கித் தள்ளி. காற்று அடர்த்தியாக இருந்தால் தாங்குதிறன் அதிகம். அழுத்தம் மாறாமலிருந்தால் காற்றின் அடர்த்தி அதன் தனி வெப்பநிலைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். 15 டிகிரி செல்சியஸ் என்பது 288 கெல்வின். 40 டிகிரி என்பது 313 கெல்வின். 288-ஐ 313-ஆல் வகுத்தால் 0.92. அதாவது வெயில் காற்றில் 100-க்கு 8 பங்கைத் திருடிக்கொண்டுவிட்டது! திருட்டு ஓரிடத்தில் அல்ல, மூன்று இடத்தில். இறக்கைக்குத் தாங்குதிறன் குறையும். விசிறி தள்ளுவதற்குக் காற்று குறையும். என்ஜின் உறிஞ்சும் காற்றும் குறைவதால் அதன் திறனும் குறையும். நாட்டின் நடுவே உள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் கடல் மட்டத்திலிருந்து 545 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 40 டிகிரி வெயிலில் விமானம் 1,600 மீட்டர் மலைமேல் நிற்பதுபோலத் தடுமாறும். காலையில் எளிதாக எழும்பிய அதே ஓடுபாதை, அதே சுமையோடு மதியம் போதாமல் போகலாம்.

மேலே ஏறியதும் கீழே பாருங்கள். தொட்டியில் தண்ணீர் இருந்தால் கண்ணாடிபோல் மின்னும். தொட்டியைச் சுற்றி மாடுகள் அமைதியாகப் படுத்திருந்தால் நல்லது. கூட்டமாக முட்டிமோதிக்கொண்டு நின்றால் ஏதோ கோளாறு. தொட்டியைச் சுற்றித் திடீரென்று பச்சைப் புல் முளைத்திருந்தால் எங்கோ ஒழுக்கு. மின்னல் தெரியவில்லையா? தாழ இறங்கி வட்டமிட்டுப் பார்க்க வேண்டும். இங்கேதான் இரண்டு எமன்கள் காத்திருக்கிறார்கள்.

முதலாவது, அந்த வட்டமே. விமானம் சாய்ந்து திரும்பும்போது இறக்கை எடையையும் தாங்க வேண்டும், திருப்பவும் வேண்டும். 60 டிகிரி சாய்ந்தால் இறக்கைமேல் சுமை இரண்டு மடங்கு. 90 கிலோமீட்டர் வேகம்வரை தாங்கும் இறக்கைக்கு இப்போது 127 கிலோமீட்டர் வேண்டும். இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்கிப் பாருங்கள். விமானியின் கண்ணோ மாட்டின்மேல் இருக்கிறது. தாழ்வாகப் பறந்து மாடு விரட்டும் வேலைக்குத் தனிப் பயிற்சியும் தனி அனுமதியும் கேட்பது இதனால்தான்.

இரண்டாவது எமன் பனிக்கட்டி. வெப்ப நாட்டில் பனிக்கட்டியா? ஆம்! மண்பானைத் தண்ணீர் குளிர்வது எதனால்? கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளுறை வெப்பத்தைப் பானையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகும்போதும் அதுவே நடக்கிறது. அதோடு குறுகலான கழுத்தில் காற்று விரைந்து செல்வதாலும் குளிர்கிறது. இரண்டும் சேர்ந்து 20 டிகிரிக்கு மேல்கூட வெப்பநிலையை இறக்கிவிடும். வெளியே 25 டிகிரி இருந்தாலும், காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் உள்ளே பனி படிந்து காற்றின் வழியை அடைக்கும். நடு ஆஸ்திரேலியாவின் வறண்ட கோடையில் இந்த அச்சம் குறைவு. வடபகுதியின் மழைக்காலக் காலைகளில், அதுவும் என்ஜினை மெதுவாக்கித் தாழ இறங்கும்போது, அதிகம்.

மருந்து எளிது. ஒரு கைப்பிடியை இழுத்தால் புகைபோக்கியின் சூட்டில் காய்ந்த காற்று உள்ளே வரும். ஆனால் இழுத்தவுடன் என்ஜின் இன்னும் மோசமாகத் திணறும். உருகிய நீர் சிலிண்டருக்குள் போகிறதல்லவா? பயந்துபோய்க் கைப்பிடியைப் பழையபடி தள்ளிவிட்டவர்கள் உண்டு. அது தவறு. சில வினாடிகள் பொறுத்தால் என்ஜின் தெளிந்துவிடும். காரணம் தெரிந்தவருக்கே அந்தப் பொறுமை வரும்.

ஒரு கல், ஒரு கீறல்

கிணற்றுக்குப் பக்கத்தில் மண்ணைச் சமப்படுத்திய இறங்குதளத்தில் இறங்கியாயிற்று. பழுது பெரும்பாலும் நமக்குத் தெரிந்ததுதான். தொட்டியின் மிதவை சிக்கியிருக்கும். அல்லது பம்பின் உள்ளே தோல் வாஷர் தேய்ந்திருக்கும். நம் ஊர்க் கைப்பம்பில் எத்தனை அடித்தாலும் தண்ணீர் வராமல் காற்று வருமே, அதே நோய். வாஷரை மாற்றினால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் மாடுகள் உங்களைத் தள்ளிக்கொண்டு வரும்.

இனி விமானத்தைச் சுற்றி ஒரு பார்வை. இறங்கும்போது ஒரு சரளைக்கல் தெறித்து விசிறியின் விளிம்பில் பட்டிருக்கிறது. அரிசி அளவுதான் பள்ளம். பரவாயில்லை என்று விட்டுவிடலாமா?

கணக்குப் போடுவோம். விசிறியின் குறுக்களவு சுமார் 1.9 மீட்டர். நிமிடத்துக்கு 2,400 சுற்று என்றால் அதன் நுனி வினாடிக்கு ஏறத்தாழ 240 மீட்டர் வேகத்தில் போகிறது. நுனியில் உள்ள ஒவ்வொரு கிராம் அலுமினியமும் சுமார் 6 கிலோகிராம் எடை தொங்குவதுபோல் வெளியே இழுக்கப்படுகிறது! இந்த இழுவையில் சிறு பள்ளம் என்ன செய்யும்? துணிக்கடைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். முழுத் துணியைக் கையால் கிழிக்க அவரால் முடியாது. விளிம்பில் கத்தரிக்கோலால் ஒரு சிறு வெட்டு வைத்தாரானால் சர்ரென்று கிழிகிறது. வெட்டின் கூர்முனையில் இழுவிசை முழுவதும் குவிகிறது. விசிறியின் பள்ளமும் அந்தச் சிறு வெட்டுத்தான். அதிலிருந்து விரிசல் வளர்ந்து நுனி ஒடிந்து பறந்தால், சமநிலை இழந்த விசிறி என்ஜினையே உலுக்கிப் பிடுங்கிவிடும்.

இதற்கு மருத்துவம் வேடிக்கையானது. பள்ளத்தை அடைப்பதில்லை; மெல்லிய அரத்தால் இன்னும் கொஞ்சம் ராவி, கூர்மை போக வழவழப்பான வளைவாக்குகிறார்கள். உலோகம் குறைகிறது, வலிமையோ மீள்கிறது! ஆனால் எந்த அளவுவரை ராவலாம் என்பதை முடிவு செய்ய உரிமம் பெற்ற விமானப் பொறியாளர் வேண்டும்.

‘பாதி மெக்கானிக்’ என்று முன்பு சொன்னேனே, காரணம் இதுதான். டயர் மாற்றுவது, ஆயில் மாற்றுவது, பிளக் துடைப்பது, பேட்டரி மாற்றுவது போன்ற சில வேலைகளை விமானியே செய்யச் சட்டம் இடம் தருகிறது. அதற்கு மேல் என்றால் பொறியாளர்தான் தொட வேண்டும், அவர்தான் கையெழுத்திட வேண்டும். பொறியாளர் 400 கிலோமீட்டர் தள்ளி இருப்பார். வண்டி, வேலி, பம்பு எல்லாவற்றையும் தாமே கம்பி கட்டிச் சரிசெய்து பழகிய கைகளுக்கு விமானத்தில் மட்டும் ‘இதைத் தொடாதே, காத்திரு’ என்று நிற்பது எளிதல்ல. ஒரு வாரம் விமானம் கொட்டகையில் நிற்கும். அதுவரை ஜீப்பில் நாள் முழுவதும் சுற்ற வேண்டியதுதான்.

சரிசெய்தும் எழும்பாத விமானம்

கைத்திறன் மட்டும் போதாது என்பதற்கு உண்மைக் கதை ஒன்று உண்டு. 1929 மார்ச் இறுதியில் புகழ்பெற்ற விமானி சார்லஸ் கிங்ஸ்ஃபோர்டு ஸ்மித், ‘சதர்ன் கிராஸ்’ விமானத்தோடு வடமேற்கு ஆஸ்திரேலியாவில் காணாமல் போனார். அவரைத் தேடக் கீத் ஆண்டர்சன் என்ற விமானியும் பாப் ஹிச்காக் என்ற மெக்கானிக்கும் ‘கூக்கபரா’ என்ற சிறு விமானத்தில் புறப்பட்டார்கள். ஏப்ரல் 10 அன்று ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து வேவ் ஹில் என்ற மாட்டுப் பண்ணையை நோக்கிப் பறந்தபோது, என்ஜின் வால்வை இயக்கும் தள்ளுகோல் ஒன்று தளர்ந்தது. டனாமி பாலைவனத்தில் இறங்கினார்கள். வழியில் முன்பே ஒரு முறை தலைகாட்டி, தற்காலிகமாகச் சரிசெய்யப்பட்ட பழுதுதான் அது.

ஹிச்காக் அதை மறுபடியும் சரிசெய்தார். என்ஜின் தயார். ஆனால் சுற்றிலும் மணலும் புதரும். விமானம் ஓடி எழும்ப நீண்ட வெளி வேண்டும். இருவரும் புதரை வெட்டியும் எரித்தும் பார்த்தார்கள். கையில் இருந்த தண்ணீரோ மிகக் குறைவு. நடந்ததையெல்லாம் விமானத்தின் வால் சுக்கான் துணியில் எழுதிவைத்தார்கள். ஏப்ரல் 21 அன்று லெஸ்டர் பிரெய்ன் என்ற விமானி வானிலிருந்து கூக்கபராவைக் கண்டார். வேவ் ஹில்லிலிருந்து குதிரைகளோடு போன குழு பிறகு சென்று சேர்ந்தது. இருவரும் தாகத்தால் இறந்துபோயிருந்தார்கள். அவர்கள் தேடிப் போன கிங்ஸ்ஃபோர்டு ஸ்மித்தோ ஏப்ரல் 12 அன்றே உயிரோடு கண்டுபிடிக்கப்பட்டுவிட்டார்! அவர்களிடம் வானொலி இல்லாததால் அது அவர்களுக்குத் தெரியவே இல்லை. கூக்கபராவின் எச்சங்களை 1978-ல் கண்டெடுத்து, இப்போது ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வைத்திருக்கிறார்கள்.

இன்று இருக்கைக்குப் பின்னால் தண்ணீர்க் கேனோடு கையடக்கமான ஒரு பெட்டியும் இருக்கும். 406 மெகாஹெர்ட்ஸ் அலையில் அது அனுப்பும் அபாயக் குறியைச் செயற்கைக்கோள்கள் பிடித்து இடத்தைச் சொல்லிவிடும். இந்த ஏற்பாட்டின் முதல் செயற்கைக்கோள் 1982-ல் ஏவப்பட்டது. பெட்டியை இயக்கிவிட்டு விமானத்தின் நிழலிலேயே இருக்க வேண்டும். நடக்கத் தொடங்கக் கூடாது. வானிலிருந்து தேடுபவர் கண்ணுக்கு விமானம் தெரியும், மனிதர் தெரியமாட்டார்.

பண்ணையின் இறங்குதளம் விமானிக்கு மட்டும் சொந்தமல்ல. 1928 மே மாதம் குளோன்கரி என்ற ஊரிலிருந்து பறக்கும் மருத்துவர் சேவை தொடங்கியது. இன்றும் யாருக்காவது பாம்பு கடித்தால், பிரசவம் சிக்கலானால், மருத்துவர் இந்த மண் தளத்தில்தான் வந்து இறங்குவார். இரவாக இருந்தால் தகர டின்களில் காகித உருளைகளை டீசலில் நனைத்துப் போட்டுக் கொளுத்தி, இருபுறமும் வரிசையாக வைப்பார்கள். அதற்கு முன் ஜீப்பில் ஓட்டிச் சென்று கங்காருக்களை விரட்ட வேண்டும். ஆகவே புதிதாக எழும்பிய கரையான் புற்றை இடிப்பதும் குழிகளை மூடுவதும் பண்ணையின் பழுதுபார்க்கும் வேலைகளில் சேர்ந்தவையே.

வெயில் ஏறுமுன் திரும்பிவிட்டோம். என்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, விசிறியைத் தொடாமல் சுற்றிப் போங்கள். இறக்கைகளைக் கயிற்றால் தரையில் கட்டுங்கள். பிட்டோ குழாய்க்கு உறையை மாட்டுங்கள். குளவி எங்கோ பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. விசிறியில் கல் பட்ட இடத்தைப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் பொறியாளருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். போகும்போது வேலிக் கதவைச் சாத்த மறந்துவிடாதீர்கள். மாடுகளுக்கு விமானத்தின் வாலில் முதுகைத் தேய்த்துச் சொறிந்துகொள்வதென்றால் கொள்ளைப் பிரியம்.